வியூ (தரவுத்தளம்)

வியூ என்பது உறவுநிலைத் தரவுத்தளத்தில் பெயர் வைத்துச் சேமிக்கப்படும் வினவல். அட்டவணையைப் போலவே இதையும் வினவலாம். ஆனால் பொதுவாகச் சேமிப்பில் இருப்பது வரையறை மட்டுமே, வரிசைகள் அல்ல.

கோடாசில் குழுவின் 1971 அறிக்கையில் வரும், ஒரு நிரலுக்குத் தெரியும் தரவுப் பகுதியான துணை ஸ்கீமாவை இதன் முன்னோடியாகக் கொள்வாரும் உண்டு. ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் காட் தம் 1970 கட்டுரையில், சேமித்த உறவுகளையும் அவற்றிலிருந்து வருவிக்கத்தக்கவற்றையும் வேறுபடுத்திக் காட்டினார்.

செயல்வடிவம் 1975இல் இரு இடங்களிலிருந்து வந்தது. சான் ஹோசேயில் ஐபிஎம்மின் சிஸ்டம் ஆர் திட்டத்தைச் சேர்ந்த சேம்பர்லின், கிரே, டிரைகர் மூவரும் வியூ, அனுமதி, பூட்டு மூன்றையும் ஒரே கட்டுரையில் ஆராய்ந்தனர். பெர்க்லியில் ஸ்டோன்பிரேக்கர், வினவலையே திருத்தி எழுதும் முறையை இங்கிரெஸ் தரவுத்தள அமைப்புக்காக வெளியிட்டார். எடுத்துக்காட்டாக, ஊழியர் அட்டவணையில் பெயர், துறை, சம்பளம் இருக்கின்றன எனக் கொள்வோம். ‘கிரியேட் வியூ கணக்கர் ஆஸ் செலக்ட் பெயர், துறை ஃப்ரம் ஊழியர் வேர் துறை = 'கணக்கு'’ என்றால் சம்பளம் மறைந்துவிடுகிறது. கணக்கர் என்ற இந்த வியூவிடம் யார் எதைக் கேட்டாலும், அவர் கேட்ட நிபந்தனையோடு ‘துறை = 'கணக்கு'’ என்பதும் சேர்ந்து, வினவல் ஊழியர் அட்டவணைக்குப் போகும். அங்கே இன்று சேர்ந்த வரிசை இங்கேயும் இன்றே தெரியும். 1986இல் வினவல் மொழியான எஸ்க்யூஎல் தரப்படுத்தப்பட்டபோது, வினவுபவரின் பெயரைக் குறிக்கும் ‘யூசர்’ என்ற சொல்லும் அதில் இடம்பெற்றது. ‘வேர் பெயர் = யூசர்’ என்று முடியும் ஒரே வரையறை, ஒவ்வொருவருக்கும் அவரவர் வரிசையை மட்டும் காட்டும்; இவ்வளவு சிறிய சொல்லுக்கு இது பெரிய வேலைதான்.

வியூ வழியாகத் தரவை மாற்றலாமா என்பது நெடுநாள் விவாதம். துறைவாரிச் சராசரிச் சம்பளம் காட்டும் வியூவில் சராசரியை உயர்த்தினால், யாருடைய சம்பளம் உயர வேண்டும்? பான்சியோன், ஸ்பைராடோஸ் இருவரும் 1981இலும் தயாள், பெர்ன்ஸ்டைன் இருவரும் 1982இலும் இதை ஆராய்ந்தனர். கோட்பாட்டளவில் மாற்றத்தக்க எந்த வியூவையும் அமைப்பு மாற்ற அனுமதிக்க வேண்டும் என்பது காட் 1985இல் வகுத்த ஆறாம் விதி. எது மாற்றத்தக்கது எனப் பொதுவாகத் தீர்மானிக்கும் நிரல்முறை இருக்க முடியாது என்று 1988இல் பஃப் காட்டியபின், விதியை எப்படிப் படிப்பது என்பதில் கருத்துகள் பிரிகின்றன. சி. ஜே. டேட் 2013இல் இதற்கென ஒரு நூலே எழுதினார். நடைமுறைத் தரங்கள் எளிய வியூக்களோடு நின்றுகொண்டன. எளிய வியூவான கணக்கர் வழியாகக் ‘கொள்முதல்’ துறைக்கு ஒருவரைச் சேர்த்தால், அந்த வரிசை ஊழியரில் பதிந்து, கணக்கரின் கண்ணுக்குத் தெரியாமல் போகும். வரையறையில் ‘வித் செக் ஆப்ஷன்’ சேர்த்தால் அது தடுக்கப்படும்.

விடையையும் சேமித்து வைக்கும் வகைக்கு, அடிபா, லிண்ட்சே 1980இல் எழுதிய ஸ்னாப்ஷாட் கட்டுரை முன்னோடி. நடைமுறை அமைப்புகளில், மைஎஸ்க்யூஎல் சாதாரண வியூவையே 2005இல் 5.0 பதிப்பில்தான் பெற்றது. போஸ்ட்கிரெஸ் 2013இல் 9.3இல் விடையைச் சேமிக்கும் வியூவையும், 2022இல் 15இல், வியூ உரிமையாளரின் அனுமதிக்குப் பதிலாக வினவுபவரின் அனுமதியைச் சரிபார்க்கும் வசதியையும் சேர்த்தது.