மெழுகு ஒளித்து வைத்த சூடு

ஜூலை மாதம் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் தேவாலயத் திருவிழாவில் மெழுகுவர்த்தி ஏற்றும் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். ஜுருவிலிருந்து பக்கம்தானே! உருகிய மெழுகு கையில் சொட்டினால், கட்டியாகும் வரைக்கும் சுடும். அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது?

1760களில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஜோசப் பிளாக் இதைப் பனிக்கட்டியில் ஆராய்ந்தார். உருகுநிலையை எட்டியதும் பனி சட்டென்று உருகிவிடும் என்றுதான் அன்று நம்பினார்கள். அப்படியென்றால் குளிர்காலம் முடிந்ததும் ஊரே வெள்ளத்தில் மூழ்கணுமே! பனி மெல்லத்தான் உருகுகிறது. வெப்பத்தை வாங்கிக்கொண்டே இருந்தாலும் வெப்பமானி ஏறுவதில்லை. அப்படி ஒளிந்துகொள்வதுதான் உள்ளுறை வெப்பம்.

மெழுகுக்கும் இதே கணக்குதான். 1 கிலோ பாரஃபின் மெழுகை 1 பாகை சூடேற்ற ஏறத்தாழ 2 கிலோஜூல் போதும். உருக்கவோ சுமார் 200 கிலோஜூல் வேண்டும். உறையும்போது அத்தனையையும் திருப்பித் தருகிறது. உறைந்து முடியும்வரை வெப்பநிலையும் பெரிதாக இறங்காது.

1948இல் அமெரிக்காவின் டோவர் ஊரில் மரியா டெல்கஸ் சூரிய வெப்பத்தைக் கிளாபர் உப்பில் சேமித்து ஒரு வீட்டைச் சூடாக்கினார். சில குளிர்காலங்களிலேயே உப்பு அடுக்கடுக்காகப் பிரிந்து, திட்டம் நின்றது. பாரஃபின் மெழுகு அப்படிப் பிரிவதில்லை. ஆனால் அது வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும்; உறையும்போது சுருங்கவும் செய்யும். அணைந்த மெழுகுவர்த்தியில் விழும் குழியைக் கவனித்திருப்பீர்களே!

குறைமாதக் குழந்தையின் உடம்பில் கொழுப்பு குறைவு. உடல் குளிர்ந்தால் உயிருக்கே ஆபத்து. இன்குபேட்டரும் நிலையான மின்சாரமும் இல்லாத கிராமத்தில் தாய் என்ன செய்வாள்? 2007இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்கள் ஒரு வகுப்புத் திட்டமாக இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். குழந்தையைச் சுற்றும் சிறு உறக்கப் பை. அதற்குள் சுமார் 37 பாகையில் உருகி உறையும் மெழுகுப் பொட்டலம். ஒருமுறை சூடேற்றினால் மின்சாரமின்றிப் பல மணி நேரம் இதமாக இருக்கும். ‘எம்ப்ரேஸ்’ என்ற பெயரில் 2011இல் அது இந்தியாவில் அறிமுகமானது. அதை உருவாக்கியவர்கள் பெங்களூருக்கே வந்து தங்கி வேலை செய்தார்கள்.

உருகுதலும் உறைதலும் தேர்வில் இரண்டு புள்ளிக்கான விடை மட்டுமா? அடுத்த முறை அந்தப் பாடம் நடத்தும்போது ஒரு மெழுகுவர்த்தியைக் கையில் எடுங்கள். இந்தக் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். வகுப்பில் செய்த ஒரு திட்டம் பிஞ்சு உயிர்களுக்குத் துணை நின்றதை நம் பிள்ளைகளும் தெரிஞ்சுக்கட்டும்.