ஓசூர் – சென்னை: தூரம் ஒன்று, நேரம் பல

"சார், ஓசூருக்கு ஏர்போர்ட் எப்போ வரும்?" நம் குடியிருப்பில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. விடை தேடப் பழைய கணக்கைக் கொஞ்சம் புரட்ட வேண்டும்.

ஓசூரிலிருந்து சென்னை நேர்கோட்டில் சுமார் 255 கிலோமீட்டர். கிருஷ்ணகிரி, வேலூர் வழியாகச் சாலையில் போனால் சுமார் 310 கிலோமீட்டர். சிறிய ஏ.டி.ஆர். விமானம்கூட ஒரு மணி நேரத்தில் போய்விடும்.

ஆனால் நம் நடைமுறை என்ன? தேவனஹள்ளி போய்ச் சேர இரண்டரை மணி நேரம், அங்கே காத்திருப்பு ஒன்றரை மணி, பறப்பது ஒரு மணி, மீனம்பாக்கத்தில் பெட்டி எடுத்து வீடு சேர இன்னொரு மணி. மொத்தம் ஆறு மணி நேரம். பேருந்துக்கும் ஏறக்குறைய அதே நேரம்தான்!

முன்பு இப்படி இல்லை. 2008 மே மாதம் வரை பெங்களூரு விமானங்கள் எச்.ஏ.எல். நிலையத்திலிருந்து பறந்தன. அது நகரத்தில் நம் பக்கம் இருந்தது. தேவனஹள்ளி நிலையம் திறந்ததும் அங்கே பயணிகள் சேவை நின்றது. விமானம் நமக்கு ஒரே நாளில் நகரத்தின் மறுகோடிக்குப் போய்விட்டது.

கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. தேவனஹள்ளி நிலையத்துக்காக 2004 ஜூலையில் மத்திய அரசு செய்த ஒப்பந்தப்படி, 25 ஆண்டுகளுக்கு 150 கிலோமீட்டர் சுற்றளவில் புதிய விமான நிலையம் கூடாது. மைசூருக்கும் ஹாசனுக்கும் மட்டும் விலக்கு. ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி மூன்றும் அந்த வட்டத்துக்குள். சேலம் வெளியே. உடான் திட்டத்தில் 2018இல் சேலத்திலிருந்து சென்னைக்கு விமானம் பறந்தது. அதே திட்டத்தின் பட்டியலில் ஓசூரும் இருந்தும், நமக்கு விமானம் வரவில்லை.

இத்தனைக்கும் தளி சாலையில் பேளகொண்டப்பள்ளியில் தனேஜா நிறுவனத்தின் ஓடுதளம் 1990களிலிருந்தே இருக்கிறது. நீளம் ஏறக்குறைய 7,000 அடி.

வந்த வசதி கைவிட்டுப் போவது இந்த ஊருக்குப் புதிதல்ல. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906இல் வந்த குறுகிய ரயில் பாதை 1913இல் ஓசூரைத் தொட்டது. உலகப் போர் நடந்த 1941இல் அதை மூடிவிட்டார்கள். திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு வந்த ரயிலும் அந்தப் போர்க்காலத்தில்தான் போனது. மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரிக்கு இன்றுவரை ரயில் இல்லை.

2024 ஜூன் 27 அன்று சட்டமன்றத்தில் முதல்வர் மு.க.ஸ்டாலின், ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடி பயணிகளைக் கையாளும் பன்னாட்டு விமான நிலையம் அமையும் என்று அறிவித்தார். நமக்கெல்லாம் மகிழ்ச்சிதான். ஆனால் 150 கிலோமீட்டர் நிபந்தனையின் காலம் 2033இல்தான் முடிகிறது. அதற்கு முன் விலக்கு வேண்டுமானால் பல தரப்பு இசைய வேண்டும்.

வங்கியில் கடன் பத்திரங்களைப் பார்த்தே காலம் கழித்தவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். "ஏர்போர்ட்டுக்குப் பத்தே நிமிடம்" என்று மனை விற்பவர்கள் நம் வாசலுக்கும் வருகிறார்கள். அந்தப் பத்து நிமிடத்தை நம்பி ஓய்வூதியப் பணத்தைப் போடாதீர்கள். அரசாணையில் சர்வே எண் வந்திருக்கிறதா, மனைக்கு முறையான அங்கீகாரம் உண்டா, வில்லங்கச் சான்று சரியா என்று பார்த்த பிறகு முன்பணம் கொடுங்கள். விமானம் தாமதமானால் அடுத்ததில் போகலாம். போட்ட பணம் அப்படித் திரும்பி வராது.