மரத்துப்பாக்கியும் மூங்கில் வாளும்

ஏ-9 வீதியால் வடக்கு நோக்கிப் பயணம் செய்பவர்கள் முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்து, கச்சான் சரை ஒன்றும் வாங்கிக்கொண்டு செல்வது பழைய வழக்கம். அங்கிருந்து மேற்கே பிரியும் வீதியில் சென்றால் அக்கராயனை அடையலாம். கரைச்சிப் பிரதேசத்தைச் சேர்ந்த இந்த விவசாயக் கிராமத்துக்கு அதன் குளமே உயிர். அக்கராயன் என்ற குறுநில மன்னனின் பெயரையே ஊரும் குளமும் தாங்கி நிற்கின்றன என்பது அங்குள்ளோர் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி.

ஆனால் எங்கள் தலைமுறைப் பத்திரிகையாளர்களுக்கு அக்கராயன் என்றதும் மன்னன் நினைவுக்கு வருவதில்லை. இடப்பெயர்வே நினைவுக்கு வருகிறது. 1996ஆம் ஆண்டு கிளிநொச்சி நகரம் இராணுவத்தின் வசமானபோது, நகர மக்களில் பெருந்தொகையானோர் அக்கராயனிலும் அயலில் உள்ள ஸ்கந்தபுரத்திலும் மரநிழல்களின் கீழ் தஞ்சம் புகுந்தார்கள். 1998 செப்டம்பரில் விடுதலைப் புலிகள் நகரத்தை மீண்டும் கைப்பற்றினார்கள். பத்து ஆண்டுகள் கழித்து, 2008இல், தஞ்சம் கொடுத்த அக்கராயனே தன் மக்களை ஏற்றிக்கொண்டு கிழக்கு நோக்கி நகரவேண்டி வந்தது. அந்தப் பயணம் எங்கே போய் முடிந்தது என்பதை 2009 மே மாதம் உலகம் அறிந்துகொண்டது.

இந்தக் கட்டுரை போரைப் பற்றியது அன்று. பதின்ம வயதுப் பிள்ளைகளின் கையில் கொடுக்கப்படும் போலி ஆயுதங்களைப் பற்றியது. பயிற்சிக்காகச் செய்யப்படும் போலி ஆயுதம் இரண்டு திசைகளில் ஒன்றை நோக்கியே பயணம் செய்கிறது என்பது என் எண்ணம். ஒன்று, உண்மையான ஆயுதத்தை நோக்கி. மற்றையது, உண்மையான ஆயுதத்தை விட்டு விலகி. எந்தத் திசை என்பதைக் கவனியாது விட்ட சமூகம் பெருவிலை கொடுக்க நேரும்.

வன்னியில் எங்கள் பிள்ளைகள் கண்ட போலி ஆயுதம் மரத்தில் செய்த துப்பாக்கி. பயிற்சி முகாம்களில் புதிதாகச் சேர்ந்தவர்கள் அதனைத் தோளில் சுமந்தே ஓடினார்கள். அதனைப் பிடித்துக்கொண்டே தவழ்ந்தார்கள். சமாதான காலம் கலைந்துகொண்டிருந்த ஆண்டுகளில் பொதுமக்களுக்கும் மாணவர்களுக்கும் நடந்த தற்காப்புப் பயிற்சிகளிலும் மரத்துப்பாக்கிகளும் பொல்லுகளும் கைகளில் இருந்தன. அந்த மரத்துப்பாக்கி எந்தத் திசையில் பயணம் செய்தது என்பதில் மயக்கம் எதுவும் இல்லை. சில வாரங்களில் அதன் இடத்தை இரும்பு பிடித்துக்கொள்ளும்.

2003 தொடக்கம் 2008 முடியும் வரை விடுதலைப் புலிகளால் சேர்க்கப்பட்ட சிறுவர்கள் தொடர்பில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட சம்பவங்களைத் தான் பதிவு செய்ததாக யுனிசெப் அறிவித்தது. கிழக்கில் பிரிந்து சென்ற கருணா அணியும் சிறுவர்களைச் சேர்த்தது. போர் முடிந்தபின் 594 முன்னாள் சிறுவர் போராளிகள் புனர்வாழ்வு நிலையங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். இவை எழுதுவதற்கு இலகுவான இலக்கங்கள். ஒவ்வோர் இலக்கத்தின் பின்னாலும் வாசலில் காத்திருந்த ஒரு தாய் இருந்தாள்.

சிறுவர் சேர்ப்பு சருவதேச மேசைகளில் பேசுபொருளாக இருந்த அதே காலத்தில்தான் வன்னிக்கும் ஜப்பானுக்கும் இடையே எதிர்பாராத ஓர் உறவு ஏற்பட்டது. 2003 மார்ச்சில் அரசாங்கத்துக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையிலான ஆறாம் சுற்றுப் பேச்சு ஜப்பானின் ஹகோனே நகரில் நடந்தது. ஜப்பானின் விசேட தூதுவர் யசூஷி அகாஷி கிளிநொச்சிக்கு வந்து போனார். மனித உரிமைகள் தொடர்பான வழித்திட்டம் ஒன்றும் ஹகோனே மேசையில் வைக்கப்பட்டது. அதே ஆண்டில் போரால் பாதிக்கப்பட்ட சிறுவர்களுக்கான செயற்றிட்டம் ஒன்று யுனிசெப்பின் முயற்சியால் உடன்பாடானது. உடன்பாடு தாளில் இருந்தது, சேர்ப்பு தொடர்ந்தது.

ஹகோனேக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. தொக்குகாவா ஆட்சிக்காலத்தில் எடோ நகரத்துக்குச் செல்லும் பெருவீதியை மறித்து நின்ற சோதனைச்சாவடி அங்கேதான் இருந்தது. தலைநகருக்குள் துப்பாக்கிகள் போகின்றனவா, தலைநகரிலிருந்து பிரபுக்களின் பெண்கள் தப்பிச் செல்கிறார்களா என்று அக்காலச் சோதனைச்சாவடிகளில் சோதித்தார்கள். ஓமந்தையிலும் முகமாலையிலும் வரிசையில் நின்று பழகியவர்களுக்கு இதனை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. சோதனைச்சாவடிகளால் ஆயுதத்தைக் கட்டிவைத்திருந்த அந்த நாடுதான், ஆயுதக் கலையைச் சிறுவர்களின் கல்வியாக மாற்றிய நாடும் ஆகும். அந்தக் கலையின் பெயர் கெண்டோ. ‘வாளின் வழி’ என்பது அதன் பொருள்.

முற்காலத்தில் சாமுராய்கள் மரவாளால் பயிற்சி செய்தார்கள். மரவாள் எலும்பை முறிக்கும். சில வேளைகளில் உயிரையும் எடுக்கும். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகநூமா என்ற வாட்பயிற்சி மரபினர் முகக்கவசம், கையுறை முதலியவற்றைத் திருத்தி அமைத்து, மூங்கில் வாளுடன் முழு வேகத்தில் மோதிப் பழகும் முறையை வளர்த்தார்கள். நான்கு மூங்கிற் பட்டைகளைச் சேர்த்துத் தோலால் கட்டிய இந்த வாளுக்கு ‘ஷினாய்’ என்று பெயர். அடி விழும்போது பட்டைகள் வளைந்து அதன் வேகத்தை வாங்கிக்கொள்ளும். மூங்கில் வாள் பிறந்ததே எதிரில் நிற்பவன் சாகாமல் இருப்பதற்காகத்தான். அது இரும்பை விட்டு விலகிச் செல்லும் திசையில் வைத்த முதற்காலடி.

1868இல் மெய்ஜி ஆட்சி வந்தது. 1876இல் பொது இடங்களில் வாள் அணிவது தடைசெய்யப்பட்டது. வாளை இழந்த சாமுராய்களின் சினம் அடுத்த ஆண்டே சற்சுமாக் கிளர்ச்சியாக வெடித்து அடக்கப்பட்டது. அந்தப் போரில் தோக்கியோ பொலிசாரின் வாட்படை பெயர் பெற்றதனால், வாட்பயிற்சி பொலிஸ் திணைக்களத்தில் நிலைகொண்டது. 1895இல் கியோத்தோவில் தற்காப்புக் கலைகளுக்கான பெருஞ்சங்கம் ஒன்று தோன்றியது. 1911இல் நடுநிலைப் பள்ளிகளின் பாடத்திட்டத்தில் வாட்கலை இடம்பிடித்தது.

இதுவரை கதை நல்ல கதைதான். ஆனால் 1931இல் ஆண்களின் நடுநிலைப் பள்ளிகளில் கெண்டோவும் ஜூடோவும் கட்டாயமாக்கப்பட்டன. ஜப்பானியப் படைகள் மஞ்சூரியாவுக்குள் நுழைந்ததும் அதே ஆண்டில்தான். பின்வந்த ஆண்டுகளில் பள்ளி மைதானத்தின் மொழி மாறியது. போட்டி விதிகள் பின்னுக்குத் தள்ளப்பட்டன. போர்க்களத்துக்குப் பயன்படும் வெட்டே முதன்மை பெற்றது. மூங்கில் வாள் திரும்பி இரும்பை நோக்கி நடக்கத் தொடங்கியது. இருநூறு ஆண்டுகளாக விலகி வந்த வழியை, அரசு ஒன்று மனம் வைத்தால், ஒரு தலைமுறைக் காலத்துக்குள் திருப்பி நடக்கவைக்க முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

1945இல் ஜப்பான் சரணடைந்தது. பள்ளிகளில் கெண்டோ தடைசெய்யப்பட்டது. மறு ஆண்டு அந்தப் பெருஞ்சங்கமும் கலைக்கப்பட்டது. தோற்றுப்போன நாட்டில், எரிந்த நகரங்களின் நடுவில், அந்தக் கலையை நேசித்தவர்கள் இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்திருக்கலாம். தடையை அவமானமாகக் கருதிப் பழிவாங்கும் நாளுக்காகக் காத்திருக்கலாம். அல்லது தங்கள் கலை எங்கே வழிதவறியது என்று தங்களையே கேட்டுக்கொள்ளலாம். 1950இல் அவர்கள் முன்வைத்தது, இலேசான உடையுடன் புள்ளிக்கணக்கில் ஆடும் ஒரு மூங்கில் வாள் விளையாட்டு. பழைமை விரும்பிகளுக்கு அது கசப்பாக இருந்திருக்கும். ஆயினும் அந்த விளையாட்டுத்தான் கதவைத் திறந்தது. 1952இல் அகில ஜப்பான் கெண்டோ சம்மேளனம் உருவாகியது. அதற்கடுத்த ஆண்டில் கெண்டோ மீண்டும் உயர்நிலைப் பள்ளிகளுக்குள் வந்தது. 1970இல் சருவதேச சம்மேளனம் தோன்றி, முதலாவது உலகப் போட்டியும் நடந்தது.

1975இல் அகில ஜப்பான் சம்மேளனம் இக்கலையின் நோக்கத்தை எழுத்தில் வகுத்தது. வாளின் நெறிகளைப் பழகுவதன் வழியாக மனிதப் பண்பைப் பக்குவப்படுத்துவதே கெண்டோ என்பது அதன் சாரம். எதிரி என்ற சொல்லுக்கு அங்கே இடம் இருக்கவில்லை. 2012இல் நடுநிலைப் பள்ளிகளில் தற்காப்புக் கலைகள் மீண்டும் கட்டாய பாடமானபோது, பழைய ஆண்டுகளை மறவாத ஜப்பானியர் சிலர் கவலை தெரிவித்தார்கள். அந்தக் கவலையை நான் ஆரோக்கியமானதென்றே கருதுகிறேன்.

இன்று ஜப்பானியப் பள்ளிகளில் கெண்டோ பழகும் பதின்ம வயதினரைக் கட்டுப்படுத்தும் விதிகள் கவனிக்கத்தக்கவை. நடுநிலைப் பள்ளி மாணவரின் மூங்கில் வாள் 114 சென்ரிமீற்றருக்கும், உயர்நிலைப் பள்ளி மாணவரின் வாள் 117 சென்ரிமீற்றருக்கும் மேற்படலாகாது; வளர்ந்தவர்களுக்கு 120. தலை, மணிக்கட்டு, விலா ஆகிய இடங்களில் மட்டுமே அடிக்கலாம். தொண்டையில் குத்துவது வளர்ந்தவர்களின் போட்டியில் உண்டு. நடுநிலைப் பள்ளி மாணவருக்கு அனுமதி இல்லை. பிள்ளைகளின் வயதையும் வளர்ச்சியையும் எண்ணி வகுத்த விதிகள் இவை. அடி சரியான இடத்தில் விழுந்தால் மட்டும் போதாது; மனமும் வாளும் உடலும் ஒன்றாக இயங்கவேண்டும், அடித்த பின்னும் விழிப்பு அகலாதிருக்கவேண்டும். மூன்று நடுவர்களில் இருவராவது கொடி உயர்த்தினால்தான் புள்ளி.

அனைத்திலும் என்னைக் கவர்ந்த விதி ஒன்று உண்டு. புள்ளி பெற்ற ஒருவர் கையை உயர்த்தித் துள்ளி வெற்றியைக் கொண்டாடினால், கொடுத்த புள்ளியை நடுவர்கள் இரத்துச் செய்யலாம். எதிரில் நின்று தோற்றவருக்கு மரியாதை செய்யத் தெரியாதவர் வெல்லவேயில்லை என்பது அதன் பொருள். எங்கள் தீவில் 2009 மே மாதத்தில் ஒரு பகுதியினர் வீதிகளில் பட்டாசு கொளுத்தியபோது மறுபகுதியினர் முட்கம்பிகளுக்குள் பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அந்த விதியைப் படிக்கும்போது அந்த நாட்கள் என் நினைவுக்கு வராமல் இருக்க வழியில்லை.

எங்களிடம் அத்தகைய கலை இல்லையா என்று வாசகர்கள் கேட்கலாம். இருக்கிறது. கம்பைத் தவிர வேறெதுவும் வேண்டாத சிலம்பம் இருக்கிறது. நிற்பவரின் நெற்றி உயரத்துக்கு அளந்து எடுத்த மூங்கிற் கம்பு, முறையாக வைக்கும் காலடி, குருவுக்கும் மண்ணுக்கும் செய்யும் வணக்கம் ஆகியவையே அதன் மூலதனம். கட்டபொம்மன் 1799இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட பின், 1801 டிசம்பரில் சென்னை அரசு பாளையக்காரரின் ஆயுதங்களைக் களையும் பிரகடனத்தை வெளியிட்டது. இரும்பு பறிக்கப்பட்ட நாட்டில் மிஞ்சியது கம்பு. இரண்டு ஆண்டுகளின் பின், 1803இல், வன்னியில் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கினான்; அவ்வாண்டு ஒக்ரோபர் 31ஆம் திகதி கற்சிலைமடுவில் கப்டன் வொன் திறிபேர்க்கிடம் தோற்றான். அதன்பின் வன்னியின் வாள் கூத்து மேடையிலும் நாடக மேடையிலும் மட்டுமே மின்னியது. முல்லைமணி எழுதிய ‘பண்டாரவன்னியன்’ போன்ற நாடகங்களில் எங்கள் இளைஞர்கள் ஏந்தியது அட்டை வாள்.

கிழக்கிலங்கையில் தமிழரும் முஸ்லிம்களும் சீனடி, சிலம்படி என்று இக்கலைகளைப் பேணி வந்திருக்கிறார்கள். மலையகத் தோட்டங்களிலும் மலேசியத் தோட்டங்களிலும் தமிழ்நாட்டிலிருந்து சென்றவர்களுடன் கம்பும் கடல் கடந்தது. தமிழ்நாட்டில் 2024 ஜனவரியில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டு விழாவில் சிலம்பம் காட்சி விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது. பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் அங்கே ஆடினார்கள். ஜப்பானின் மூங்கில் வாளைப் போலவே தமிழரின் மூங்கிற் கம்பும் விதிகளுக்குள்ளும் நடுவர்களின் கண்களுக்குள்ளும் வந்து கொண்டிருக்கிறது.

அக்கராயனிலோ, ஸ்கந்தபுரத்திலோ, வன்னியின் வேறெந்த ஊரிலோ பதின்ம வயதுப் பிள்ளைகள் பள்ளி மைதானத்தில் கம்பு சுழற்ற முன்வந்தால், பெற்றோர் சிலரின் முகம் வாடும். அந்த அச்சத்தை அறியாமை என்று யாரும் தள்ளிவிடலாகாது. மரத்துப்பாக்கியின் முடிவைக் கண்டவர்கள் அவர்கள். மறுபுறத்தில், பிள்ளையின் கையில் கம்பைக் கண்டதும் பழைய பரணிகளைப் பாடப் புறப்படுபவர்களும் இருப்பார்கள். அவர்களுக்கு என்னிடம் உள்ளது ஒரு வேண்டுகோள் மட்டுமே: ஜப்பானின் 1931ஐ ஒருமுறை படியுங்கள்.

பிள்ளைகளின் கைகளில் கம்பு இருக்கட்டும். அவர்களின் உடல் நிமிரட்டும், அச்சம் அகலட்டும், அண்ணனும் தங்கையும் சேர்ந்து பழகட்டும். ஆனால் பெரியவர்களாகிய நாங்கள் மூன்று கேள்விகளைக் கேட்காமல் இருந்துவிடக்கூடாது. இந்தக் கம்பைக் கொடுத்தவர் யார்? இதற்குப்பின் அந்தக் கையில் எதனை வைப்பதாக உத்தேசம்? பயிற்சி முடிந்ததும் பிள்ளை வணங்கிவிட்டு வீட்டுக்குத் திரும்புமா?

முன்னைய தலைமுறையில் இந்தக் கேள்விகளை உரத்துக் கேட்டவர்கள் மிகச் சிலர். பேனா பிடித்த எங்களில் பலரும் கேட்கவில்லை. அந்தக் குறையை ஒப்புக்கொள்வதற்காகவும் இதனை எழுதினேன்.