புற்றுநோயும் இரத்த உறைவுக் கோளாறுகளும்

புற்றுநோய் உள்ளவர்களின் இரத்தக் குழாய்களில், குறிப்பாகச் சிரைகளில், இரத்தம் தேவையின்றி உறைவதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 4 முதல் 7 மடங்கு அதிகம். கால் அல்லது இடுப்புப் பகுதியின் ஆழமான சிரைகளில் இவ்வாறு இரத்தம் உறைவதை ஆழ்சிரை இரத்த உறைவு என்பர். அந்த உறைவின் ஒரு பகுதி பெயர்ந்து, இதயத்தின் வழியாகச் சென்று நுரையீரலின் இரத்தக் குழாயை அடைத்துக்கொள்வது நுரையீரல் தமனி அடைப்பு ஆகும். இது உயிருக்கு ஆபத்தானது. எனினும் உரிய நேரத்தில் கண்டறிந்தால் பெரும்பாலும் மருந்துகளாலேயே இதற்குச் சிகிச்சை அளிக்க முடியும்.

"காலில் இரத்தம் கட்டியிருக்கிறது" என்று மருத்துவர் கூறும்போது, புற்றுநோய் காலுக்குப் பரவிவிட்டதாக எண்ணிக் கலங்குவோர் உண்டு. அவ்வாறு அன்று. உறைந்த இரத்தம் வேறு, புற்றுக்கட்டி வேறு. குழப்பத்தைத் தவிர்க்க இப்பக்கத்தில் உறைந்த இரத்தத்தை 'உறைகட்டி' என்றே குறிப்பிடுகிறோம். சிறுநீரகப் புற்றுநோய், கல்லீரல் புற்றுநோய் போன்ற சிலவற்றில் மட்டும், புற்றுக்கட்டியே அருகிலுள்ள பெரிய சிரைக்குள் வளர்ந்து செல்வது உண்டு. அதற்கான சிகிச்சை முறை வேறு.

ஏன் இரத்தம் உறைகிறது?

காயம் ஏற்பட்டால் இரத்தம் உறைய வேண்டும்; காயமில்லாத இடத்தில் அது நீர்மமாகவே ஓட வேண்டும். இந்தச் சமநிலையைப் புற்றுநோய் பல வழிகளில் குலைக்கிறது. பல வகைப் புற்றணுக்கள் 'திசுக்காரணி' எனும் புரதத்தைத் தம் மேற்பரப்பில் மிகுதியாகக் கொண்டுள்ளன. இரத்தக் குழாய்க்கு வெளியேயுள்ள திசுக்களில் இருந்துகொண்டு, காயம்பட்டவுடன் உறைதலைத் தொடங்கிவைப்பதே இப்புரதத்தின் இயல்பான பணி. புற்றணுக்கள் இதனை இரத்தத்திலும் கலக்கச் செய்வதால், காயமே இல்லாதபோதும் உடல் காயம்பட்டதாகக் கருதி உறைதலைத் தொடங்கிவிடுகிறது. புற்றுநோயினால் உண்டாகும் அழற்சி, இரத்தத் தட்டணுக்களையும் வெள்ளணுக்களையும் தூண்டிவிட்டு இதனை மேலும் விரைவுபடுத்துகிறது.

இதனுடன் வேறு காரணங்களும் சேர்ந்துகொள்கின்றன. பெரிய புற்றுக்கட்டி அருகிலுள்ள சிரையை அழுத்தினால் இரத்த ஓட்டம் மந்தமாகும். நாள் முழுவதும் படுக்கையில் இருப்பதும் அவ்வாறே. அறுவைச் சிகிச்சையும் சில மருந்துகளும் குழாயின் உட்சுவரைப் பாதிக்கின்றன. மருந்து செலுத்துவதற்காகக் கழுத்து, மார்பு அல்லது கையின் சிரையில் பொருத்தப்படும் குழாயைச் சுற்றியும் உறைகட்டி தோன்றலாம்.

இத்தொடர்பு புதிதாக அறியப்பட்டதன்று. பாரிஸ் நகர மருத்துவர் அர்மான் துரூசோ, காரணம் தெரியாமல் சிரைகளில் இரத்தம் உறைவது உள்ளுறுப்புப் புற்றுநோயின் அறிகுறியாக இருக்கலாம் என 1865-இல் எழுதினார். பின்னர் அதே அறிகுறி அவருக்கே தோன்றியது. 1867-இல் புற்றுநோயால் அவர் இறந்தார்.

யாருக்கு அதிகம் ஏற்படும்?

எல்லாப் புற்றுநோய்களிலும் இவ்வாய்ப்பு ஒரே அளவில் இருப்பதில்லை. கணையம், இரைப்பை, மூளை ஆகியவற்றின் புற்றுநோய்களில் மிக அதிகம். நுரையீரல், சினைப்பை, சிறுநீரகம், நிணநீர்த் திசு ஆகியவற்றின் புற்றுநோய்கள் அடுத்த நிலையில் உள்ளன. ஆரம்ப நிலையிலுள்ள மார்பகப் புற்றுநோயிலும் புராஸ்டேட் புற்றுநோயிலும் ஒப்பீட்டளவில் குறைவு. நோய் கண்டறியப்பட்ட முதல் சில மாதங்களிலும், நோய் பிற உறுப்புகளுக்குப் பரவிய நிலையிலும் வாய்ப்பு கூடுகிறது.

மருந்துகளுள் சிஸ்பிளாட்டின், தமாக்சிஃபென், இரத்தப் புற்றுநோய்க்குத் தரப்படும் அஸ்பாரஜினேஸ் ஆகியவை உறைவு வாய்ப்பை உயர்த்துகின்றன. மைலோமா நோய்க்கு தாலிடோமைட் அல்லது லெனலிடோமைட் மருந்தை டெக்சாமெத்தசோனுடன் சேர்த்துத் தரும்போது வாய்ப்பு கணிசமாக உயர்வதால், உறைவுத் தடுப்பு மருந்தையும் உடன் தருவது வழக்கம். உங்கள் மருந்துச் சீட்டில் அத்தகைய தடுப்பு மருந்து ஏதும் இல்லையெனில் மருத்துவரிடம் காரணம் கேட்டறியலாம். அது உங்கள் உரிமை.

வேதிச்சிகிச்சை தொடங்குமுன் மருத்துவர்கள் 'கொரானா மதிப்பெண்' எனும் எளிய கணக்கீட்டைப் பயன்படுத்துவது உண்டு. புற்றுநோயின் இடம், தட்டணுக்களின் எண்ணிக்கை, வெள்ளணுக்களின் எண்ணிக்கை, ஹீமோகுளோபின் அளவு, உடல் பருமன் ஆகிய ஐந்தையும் கொண்டு இது கணக்கிடப்படுகிறது. மதிப்பெண் 2 அல்லது அதற்கு மேல் இருந்தால் தடுப்பு மருந்து தேவையா என ஆராயப்படும்.

அறிகுறிகள்

ஒரு கால் மட்டும் வீங்குவதே ஆழ்சிரை இரத்த உறைவின் முதன்மையான அறிகுறி. இரு கால்களும் ஒரே அளவில் வீங்குவதற்குப் புரதக் குறைவு, இதய அல்லது சிறுநீரகக் கோளாறு போன்ற வேறு காரணங்களே பெரும்பாலும் இருக்கும். அதனையும் மருத்துவரிடம் காட்டவேண்டும். கெண்டைக்காலில் அழுத்தினால் வலி, தொட்டால் வெப்பம், இறுக்கமான உணர்வு ஆகியவையும் தோன்றலாம். தோல் சிவக்கும் என்று பல நூல்கள் கூறினாலும் மாநிற, கருநிறத் தோலில் சிவப்பு எளிதில் புலப்படாது. ஆகவே நிறத்தை நம்பாமல் வீக்கத்தையும் வெப்பத்தையும் கவனியுங்கள். தையற்காரர் பயன்படுத்தும் அளவு நாடாவினால் இரு கெண்டைக்கால்களையும் முழங்காலுக்குக் கீழே ஒரே உயரத்தில் அளந்து பார்க்கலாம். 3 செ.மீ.க்கு மேல் வேறுபாடு இருந்தால் ஐயம் வலுப்படுகிறது. வேறுபாடு அதைவிடக் குறைவு என்பதற்காக நோய் இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது.

மருந்துக் குழாய் பொருத்தப்பட்ட பக்கத்தில் கை, கழுத்து அல்லது முகம் வீங்கினாலும் அன்றே தெரிவிக்க வேண்டும்.

திடீர் மூச்சுத்திணறல், மூச்சை உள்ளிழுக்கும்போது குத்தும் நெஞ்சுவலி, படபடப்பு, இருமலில் இரத்தம், மயக்கம் ஆகியவை நுரையீரல் தமனி அடைப்பின் அறிகுறிகள். இவற்றில் ஒன்று தோன்றினாலும் மறுநாள் வரை காத்திராமல் 108 அவசர ஊர்தியை அழையுங்கள். இங்கு ஒரு சிக்கல் உண்டு. வேதிச்சிகிச்சை பெறுபவருக்கு அயர்ச்சியும் லேசான மூச்சிரைப்பும் பழகிப்போனவை என்பதால், குடும்பத்தினர் "ஊசி போட்ட களைப்பு" என்று எண்ணி இரண்டு மூன்று நாள்களைக் கடத்திவிட நேரிடுகிறது. நேற்று வரை கழிவறைக்குத் தானே நடந்து சென்றவர் இன்று பாதி வழியில் நின்று மூச்சு வாங்கினால் அது களைப்பு என்று விட்டுவிடத்தக்கதன்று.

வீங்கிய காலுக்கு எண்ணெய் தேய்த்து நீவிவிடுவது நம் வீடுகளில் அன்போடு செய்யப்படும் பணிவிடை. ஆனால் உறைகட்டி இருக்கக்கூடும் என்ற ஐயமுள்ள காலை நீவக் கூடாது. அழுத்தத்தினால் உறைகட்டி பெயர்ந்து நுரையீரலுக்குச் செல்லக்கூடும். பரிசோதனை முடியும்வரை எண்ணெய், ஒத்தடம், இறுக்கமான கட்டு ஆகிய எதுவும் வேண்டாம்.

பரிசோதனைகள்

காலுக்கு டாப்ளர் ஸ்கேன் எடுக்கப்படும். இதில் வலியும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை. நுரையீரல் அடைப்பை அறிய, சிரையில் சாய மருந்து செலுத்தி சி.டி. ஸ்கேன் எடுப்பர். சிறுநீரகக் கோளாறோ சாய மருந்துக்கு ஒவ்வாமையோ இருந்தால் முன்கூட்டியே கூறுங்கள். மற்றவர்களுக்குப் பயன்படும் டி-டைமர் எனும் இரத்தப் பரிசோதனை, புற்றுநோயாளிகளிடம் உறைகட்டி இல்லாதபோதும் உயர்ந்தே காணப்படலாம் என்பதால் அதன் பயன் குறைவு. புற்றுநோயின் நிலையறிய எடுத்த சி.டி. ஸ்கேனில் எதிர்பாராமல் நுரையீரல் அடைப்பு தென்படுவதும் உண்டு. அறிகுறி இல்லையென்றாலும் பொதுவாக அதற்கும் சிகிச்சை தேவை.

சிகிச்சை

உறைவு எதிர்ப்பு மருந்துகள் ஏற்கெனவே உள்ள உறைகட்டியை நேரடியாகக் கரைப்பதில்லை. அது வளராமலும் புதிது தோன்றாமலும் தடுக்கின்றன. கரைக்கும் பணியை உடலே மெல்லச் செய்கிறது. அதனால்தான் சிகிச்சை வாரக்கணக்கில் முடிவதில்லை. குறைந்தது 3 முதல் 6 மாதங்கள், புற்றுநோய் தொடரும் வரையிலோ அதற்கான சிகிச்சை நடைபெறும் வரையிலோ அதற்கு மேலும், மருந்து தொடரப்படும்.

முன்னர் வார்ஃபரின் மாத்திரையே பெரிதும் தரப்பட்டது. 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், வார்ஃபரின் வகை மருந்தைவிட டால்டெபாரின் எனும் குறைமூலக்கூற்று எடை ஹெப்பாரின் ஊசி, புற்றுநோயாளிகளுக்கு உறைவு மீண்டும் வருவதை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது தெரியவந்தது. 2018 முதல் வெளிவந்த ஆய்வுகள் எடாக்சபான், ரிவராக்சபான், அபிக்சபான் ஆகிய மாத்திரைகளும் ஊசிக்கு நிகராகப் பயன்படும் எனக் காட்டின. நாள்தோறும் ஊசி போடும் துன்பம் பலருக்கு இதனால் நீங்கியது. ஆயினும் எல்லோருக்கும் மாத்திரை பொருந்தாது. உணவுக்குழாய், இரைப்பை, குடல், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் புற்றுக்கட்டி அகற்றப்படாமல் இருந்தால் சில மாத்திரைகளால் இரத்தக்கசிவு கூடலாம். வாந்தி நிற்காதவர்களின் உடலில் மாத்திரை சேராது. காசநோய்க்குத் தரப்படும் ரிஃபாம்பிசின், வலிப்புக்குத் தரப்படும் ஃபெனிடாயின், கார்பமாசபின் ஆகியவை இம்மாத்திரைகளின் ஆற்றலைக் குறைத்துவிடும். மாத்திரையைவிட ஊசி பழமையானது என்பதற்காக உங்களுக்கு ஊசி தரப்படுவதைத் தாழ்ந்த சிகிச்சையாகக் கருத வேண்டியதில்லை.

ஹெப்பாரின் பன்றியின் குடலிலிருந்து பெறப்படுவது. சமய நம்பிக்கை காரணமாக இதில் தயக்கம் உள்ளவர்கள் மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசலாம். ஃபோண்டாபாரினக்ஸ் போன்ற செயற்கை மருந்துகளும் உள்ளன. சொல்லாமல் ஊசியை விட்டுவிடுவதே ஆபத்து.

ஊசியை வீட்டிலேயே போடலாம். தொப்புளிலிருந்து குறைந்தது 5 செ.மீ. தள்ளி, வயிற்றுத் தோலை மடிப்பாகப் பிடித்து ஊசியைச் செலுத்த வேண்டும். இன்று வலப்பக்கம் என்றால் நாளை இடப்பக்கம். முழு அளவும் செலுத்த வேண்டிய முன்நிரப்பிய ஊசியில் தெரியும் காற்றுக் குமிழியை வெளியேற்ற வேண்டாம். போட்ட இடத்தைத் தேய்க்க வேண்டாம், தேய்த்தால் கன்றிப்போகும். சிகிச்சைக்கான ஊசியின் அளவு உடல் எடையைப் பொறுத்தது. ஆகவே நோயாளியின் எடை குறிப்பிடத்தக்க அளவு குறைந்தாலோ கூடினாலோ மருத்துவரிடம் கூறி அளவை மாற்றிக்கொள்ளுங்கள்.

20 மி.கி. ரிவராக்சபானை உணவுடன் உட்கொள்ள வேண்டும். வெறும் வயிற்றில் அது முழுமையாக உட்கிரகிக்கப்படாது. வார்ஃபரின் உட்கொள்பவர்கள் ஐ.என்.ஆர். பரிசோதனையைத் தவறாமல் செய்துகொள்ள வேண்டும். கீரையை அறவே ஒதுக்கத் தேவையில்லை, வாரந்தோறும் ஏறத்தாழ ஒரே அளவில் உண்டால் போதும். எந்த மருந்தாயினும் ஒரு வேளை தவறினால் அடுத்த வேளை இரு மடங்காகப் போடக் கூடாது.

இரத்தக்கசிவு

உறைவைத் தடுக்கும் மருந்து கசிவுக்கும் இடம் தரும். கரிய அல்லது சிவந்த மலம், சிறுநீரில் இரத்தம், நிற்காத மூக்குக்கசிவு, திடீரெனத் தோன்றும் கடுந்தலைவலி, தலையில் அடிபடுதல் ஆகியவற்றுக்கு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தலையில் பட்ட அடி வெளியே சிறிதாகத் தோன்றினாலும் காட்டியாக வேண்டும். இரும்புச் சத்து மாத்திரையாலும் மலம் கருக்கும். அதை உட்கொள்பவர்கள் அவ்விவரத்தையும் கூறுங்கள். டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபன் போன்ற வலி மாத்திரைகளைக் கடையில் தாமாக வாங்கி உட்கொள்ளக் கூடாது. ஆஸ்பிரின், பூண்டு மாத்திரை, நாட்டு மருந்து ஆகியவற்றையும் மருத்துவரைக் கேளாமல் சேர்க்க வேண்டாம். பல் பிடுங்குவதற்கு முன்பும் தெரிவிக்க வேண்டும்.

வேதிச்சிகிச்சையால் தட்டணுக்கள் குறையும்போது கணக்கு மாறுகிறது. ஒரு மைக்ரோலிட்டருக்கு 50,000-க்குக் கீழே சென்றால் உறைவு எதிர்ப்பு மருந்தின் அளவை மருத்துவர் மறுபரிசீலனை செய்வார். சில நாள்கள் நிறுத்தவும் கூடும். எனவே இரத்தப் பரிசோதனை முடிவு கைக்கு வந்தவுடன் அதனைச் சிகிச்சைக் குழுவிடம் சேர்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

சில புற்றுநோய்களில் உறைவும் கசிவும் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. உடலெங்கும் நுண்ணிய குழாய்களில் இரத்தம் உறைந்துகொண்டே இருப்பதால், உறைதலுக்குத் தேவையான தட்டணுக்களும் புரதங்களும் தீர்ந்துபோகின்றன. பிறகு ஈறு, மூக்கு, தோல் என எங்கும் இரத்தம் கசிகிறது. கடும் புரோமைலோசைட்டிக் இரத்தப் புற்றுநோயில் இந்நிலை அடிக்கடி காணப்படுகிறது. அதற்கான ரெட்டினாயிக் அமில மருந்தை, நோய் ஐயம் எழுந்தவுடனேயே, மரபணுப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் தொடங்குகின்றனர். காரணமின்றி உடலெங்கும் கன்றல்களும் செம்புள்ளிகளும் தோன்றினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்வது உயிரைக் காக்கக்கூடும்.

தடுப்பு

வயிறு அல்லது இடுப்புப் பகுதியில் பெரிய புற்றுநோய் அறுவைச் சிகிச்சை செய்தவர்கள் பலருக்கு, வீடு திரும்பிய பின்னும் மொத்தம் 4 வாரங்கள் வரை தடுப்பு ஊசி தரப்படுகிறது. காயம் ஆறிவிட்டதே என்று ஊசியை இடையில் நிறுத்த வேண்டாம். சிகிச்சைக்காக இரவு முழுவதும் பேருந்திலோ தொடர்வண்டியிலோ வருபவர்கள் போதிய நீர் அருந்தி, கணுக்கால்களை அவ்வப்போது மேலும் கீழுமாக அசைத்து, இயன்றபோது எழுந்து நடக்க வேண்டும். படுக்கையிலுள்ளவருக்குப் பராமரிப்பவர் இந்தக் கணுக்கால் அசைவைச் செய்துவிடலாம்.

உறைவு முதலில், புற்றுநோய் பிறகு

காரணமின்றி உறைகட்டி ஏற்பட்ட ஒருவருக்கு மறைந்திருக்கும் புற்றுநோய் இருக்குமோ என்ற அச்சம் எழுவது இயல்பு. கனடாவில் நடைபெற்று 2015-இல் வெளியான ஆய்வில், அத்தகையோருள் ஓராண்டுக்குள் புற்றுநோய் கண்டறியப்பட்டவர்கள் ஏறத்தாழ 4 விழுக்காட்டினரே. எல்லோருக்கும் கூடுதலாக வயிற்று சி.டி. ஸ்கேன் எடுத்ததால் பெரிய பயன் கிட்டவில்லை. விரிவான உடற்பரிசோதனை, அடிப்படை இரத்தப் பரிசோதனைகள், மார்பு எக்ஸ்ரே, வயதுக்கேற்ற வழக்கமான புற்றுநோய்ப் பரிசோதனைகள் ஆகியவை பெரும்பாலோர்க்குப் போதும். எடை இழப்பு, தொடர் இருமல், மலத்தில் இரத்தம் போன்றவை உடன் இருந்தால் மேலும் ஆராயப்படும்.

நோய் முற்றிய நிலையில்

வலிதணிப்புப் பராமரிப்பு மட்டும் பெறும் இறுதி நாள்களில், உறைவு எதிர்ப்பு ஊசியைத் தொடர்வதா என்ற கேள்வி குடும்பத்தினர் முன் நிற்கும். அந்நிலையில் ஊசியால் கிடைக்கும் பயன் குறைவாகவும், கசிவும் ஊசி வலியும் மிகுதியாகவும் இருக்கலாம். நிறுத்துவது கைவிடுவதாகாது. நோயாளியால் பேச இயலும்போதே அவரது விருப்பத்தைக் கேட்டறிந்து, மருத்துவருடன் சேர்ந்து இதனை முடிவு செய்யலாம். கால் வீக்கமோ மூச்சுத்திணறலோ துன்புறுத்தினால் அவற்றைத் தணிக்கும் மருந்துகள் அப்போதும் தரப்படும்.