கத்திக்குத்தும் கதிர்ப்படமும்

சிலாபத்திலிருந்து உடப்பு, முந்தல் வழியாகக் கற்பிட்டி முனைவரை நீண்டு கிடக்கும் புத்தளம் மாவட்டக் கடற்கரையில் கத்தி ஒரு தொழிற்கருவி. மீன் அரியவும், கயிறு அறுக்கவும், இளநீர் சீவவும் அது வேண்டும். குடிவெறியிலும் பகையிலும் அதே கத்தி மனிதன்மீது பாய்வதும் உண்டு. கடலும் சும்மா விடுவதில்லை. திருக்கையின் வால்முள் தொடையில் இறங்கும். இரவில் விளக்கொளி கண்டு துள்ளும் முரல் மீன், ஊசிபோன்ற மூக்கால் கழுத்தையும் கண்ணையும் குத்திவிடும்.

இக்காயங்களுக்கெல்லாம் ஒரு பொதுக்குணம் உண்டு: வாய் சிறியது, ஆழம் தெரியாதது. ஓர் அங்குலத் துவாரத்தின் அடியில் ஈரல் பிளந்திருக்கலாம். ஒன்றுமே நேராமலும் இருக்கலாம். அந்த இருளுக்குள் பார்க்க மனிதன் கற்றுக்கொண்ட சரித்திரம் நம் கரைக்கும் உரியது.

கற்பிட்டியில் 1807இல் பிறந்து, 1859இல் 'தமிழ் புளூட்டாக்' என்ற நூலை வெளியிட்ட சைமன் காசிச்செட்டியின் காலத்தில் வைத்தியனுக்குத் துணை விரலும் சலாகையுமே. 1867இல், மானிப்பாயில் தமிழ் மாணவர்களுக்குத் தமிழிலேயே மேலைநாட்டு வைத்தியம் கற்பித்த டாக்டர் கிறீன், 'இரண வைத்தியம்' என்ற சத்திரசிகிச்சை நூலைத் தமிழில் தந்தார். அறிவு தாய்மொழிக்கு வந்துவிட்டது. ஆனால் உடலின் உள்ளே பார்க்கும் கண் உலகில் எவருக்குமே அன்று இல்லை. 1881இல் அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்ட் சுடப்பட்டபோது, வைத்தியர்கள் கழுவாத விரலால் காயத்தைத் துழாவினார்கள். தொலைபேசி கண்ட கிரகாம் பெல், உலோகத்தைக் கண்டறியும் கருவியொன்றை அமைத்துக் குண்டைத் தேடிப் பார்த்தார், பயனில்லை. இரண்டரை மாதம் அவதிப்பட்டு ஜனாதிபதி மாண்டார். அதிகாரத்தின் சிகரத்தில் இருந்தவனுக்கும் அறியாமை சலுகை காட்டவில்லை.

1895 நவம்பர் 8ஆம் தேதி ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் ரான்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டார். அவர் அதற்குக் காப்புரிமை பெற மறுத்தார். நோபல் பரிசுப் பணத்தையும் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்தார். மனித குலத்தின் சொத்தாக அவர் விட்டுச்சென்ற கதிர், நம் துணைக்கண்டத்தில் தொடக்ககாலத்தில் யாருக்குப் பயன்பட்டது? 1897–98இல் வடமேற்கு எல்லையில் அப்ரிதி மக்களை ஒடுக்கச் சென்ற ஆங்கிலப் படையோடு, பீவர் என்ற இராணுவ வைத்தியர் எக்ஸ் கதிர் யந்திரத்தை மலைமீது கொண்டு போனார். படையெடுத்தவனின் உடலில் தங்கிய குண்டைத் தேடவே அது அங்கே ஒளிர்ந்தது. 1914இல் மேரி கியூரி அம்மையார் யந்திரத்தை மோட்டார் வண்டியில் ஏற்றிப் போர்முனைக்கு அனுப்பினார். நோயாளி யந்திரத்தைத் தேடி அலையாமல், யந்திரமே நோயாளியைத் தேடிச் செல்லலாம் என்பதற்கு அது நல்ல முன்மாதிரி.

ஆயினும் எக்ஸ் கதிர் எல்லாவற்றையும் காட்டிவிடாது. முறிந்த கத்திமுனை தெரியும், பெரும்பாலும் கண்ணாடித் துண்டும் தெரியும், மரச்சிராய் தெரியாது. நெஞ்சறையில் கசிந்த காற்றையும் தேங்கிய இரத்தத்தையும் அது காட்டும். கிழிந்த குடலை நேரே காட்டாது. ஆகவே வயிற்றில் கத்திக்குத்து என்றால் திறந்து பார்ப்பதே நெடுங்காலம் விதியாயிற்று. திறந்த வயிறுகளுள் பல பழுதற்றே இருந்தன. நியூயோர்க்கின் புரூக்ளினில் ஷாப்டன் என்ற வைத்தியர் 1960இல் இந்த விதியைக் கேள்விக்குள்ளாக்கினார்: நோயாளியைத் திரும்பத் திரும்பப் பரிசோதியுங்கள், தேவைப்பட்டவனுக்கே கத்தி வையுங்கள் என்பது அவர் வாதத்தின் சாரம்.

பொறுத்திருந்து பார்க்கும் அந்த முறைக்குப் புதிய யந்திரங்கள் வலுவூட்டின. 1971 அக்டோபர் 1ஆம் தேதி லண்டனில் ஹவுன்ஸ்பீல்டின் சி.டி. யந்திரம் முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்தது. 1979இல் அவரும் கோர்மக்கும் நோபல் பரிசைப் பகிர்ந்தனர். இன்று அந்த யந்திரம் காயத்தின் பாதையையே பின்தொடர்கிறது. கேளா ஒலி அலைக் கருவியோ, கட்டிலருகிலேயே இதயத்தைச் சுற்றியும், ஈரல், மண்ணீரல் பக்கங்களிலும், இடுப்பறையிலும் இரத்தம் தேங்கியிருக்கிறதா என்று சில நிமிடங்களில் சொல்லிவிடுகிறது. எனினும் உதரவிதானத்தின் சிறு கிழிசல் சி.டி. படத்துக்கும் தப்பிவிடலாம்; குடற்காயம் ஒலி அலைக்கு அகப்படாமல் போகலாம். இரத்த அழுத்தம் சரிந்துகொண்டிருப்பவனைப் படமெடுக்கக் காத்திருக்க வைப்பது கொலைக்குச் சமம். அவன் போக வேண்டிய இடம் சத்திரசிகிச்சைக் கூடம். யந்திரம் வைத்தியனின் கைக்குத் துணையே தவிர, கைக்கு மாற்று அல்ல.

இங்கேதான் நம் கரையின் கேள்வி எழுகிறது. கற்பிட்டியிலிருந்து புத்தளம் 40 கிலோமீட்டருக்கு மேல். புத்தளத்திலிருந்து கொழும்பு சுமார் 130 கிலோமீட்டர். உள்ளே கசியும் இரத்தம் கிலோமீட்டர் கணக்கு அறியாது. ஒரே கத்தி, ஒரே ஆழம். தலைநகரில் குத்துப்பட்டவனுக்கும் கடலோரக் குடிசையில் குத்துப்பட்டவனுக்கும் இடையே விதி வகுத்த வேறுபாடு எதுவுமில்லை. வேறுபாடு தூரத்தில் இருக்கிறது. தூரத்தை அப்படியே விட்டுவைத்த சமுதாய அமைப்பில் இருக்கிறது. 2011இல் இயங்கத் தொடங்கிய நுரைச்சோலை அனல்மின் நிலையம் இதே கரையிலிருந்து நாடெங்கும் மின்சாரம் அனுப்புகிறது. தலைநகரின் யந்திரங்களை ஒளிரச் செய்யும் சக்தியில் இக்கரையின் பங்கு உண்டு. அந்த யந்திரங்களின் ஒளியில் இக்கரைக்குப் பங்கு கேட்பது பிச்சையாகுமா?

கட்டணமின்றிச் சிகிச்சை தரும் அரசாங்க ஆஸ்பத்திரி இலங்கை மக்களின் பெரும் உரிமை. ஆனால் வாசற்கதவு திறந்திருந்தால் மட்டும் போதாது. யந்திரம் வேண்டும்; அதை இரவிலும் இயக்கப் பயின்றவர் வேண்டும்; படத்தைப் படித்துச் சொல்ல நிபுணர் வேண்டும்; சொன்னதை மீனவனின் மனைவிக்கு அவள் மொழியில் விளக்க ஒருவரும் வேண்டும். 150 ஆண்டுகளுக்கு முன் கிறீன் தமிழில் செய்து காட்டியதை இன்று செய்ய இயலாதென்று யார் சொல்வது?

ஆசிரியர்களும் மாணவர்களும் உடனே செய்யக்கூடிய பணியும் ஒன்று உண்டு. குத்திய கத்தி உடலில் நின்றால் அதைப் பிடுங்கக் கூடாது. அசையாமல் சுற்றிக்கட்டி ஆஸ்பத்திரி சேர்க்க வேண்டும். கசியும் இரத்தத்தை அதுவே அடைத்துக்கொண்டிருக்கலாம். இதை ஒவ்வொரு வாடியிலும் வகுப்பறையிலும் நாம் சொல்லுவோம். மற்றவற்றை உரியவர்களிடம் ஒன்றுசேர்ந்து கேட்போம்.