மே மாத ஹனிமூன்... ரூம் புக் பண்ணிட்டுப் போகலாமா, போய்ப் பார்த்துக்கலாமா?

'அங்க போய்ப் பாத்துக்கலாம்'னு கிளம்புறது ஜூலை மாச ஊட்டிக்கு ஓகே. மே மாசத்துக்குச் சரிப்படாது. மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில், புது மனைவியைப் பெட்டியோடு சேரிங் கிராஸில் நிற்கவைத்துவிட்டு லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்குவது ரொமான்ஸ் கிடையாது பாஸ்!

போதாததற்கு இ-பாஸ் வேறு. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகளுக்குத்தான் அனுமதி என்றது சென்னை உயர் நீதிமன்றம். அரசுப் பேருந்தில் போனால் இந்தத் தொல்லை இல்லை.

அதற்காக ஒரு வாரத்தையும் முன்கூட்டியே கட்டிப்போட வேண்டாம். முதல் இரண்டு இரவுகளுக்கு மட்டும், கேன்சல் செய்தால் பணம் திரும்பும் ரூமாகப் பாருங்கள். பிடித்தால் நீட்டிக்கலாம், இல்லையா, கோத்தகிரி பக்கம் இறங்கிவிடலாம். ரெண்டு பேரோட அடையாள அட்டையையும் மறந்துடாதீங்க... ரிசப்ஷனில் கல்யாண ஆல்பம் செல்லாது!