மலையடியிலிருந்து கடற்கரைக்கு: முதல் நாள் நடை

தை பிறந்துவிட்டால் தென்காசி வட்டாரத்தில் பச்சை வேட்டிகள் கண்ணில் படத் தொடங்கும். தைப்பூசத்துக்குத் திருச்செந்தூர் போகும் பாதயாத்திரைக்காரர்கள். விரதம் இருந்து, இலஞ்சிக் குமாரரையோ பண்பொழித் திருமலைக் குமாரரையோ கும்பிட்டுவிட்டுக் கிளம்புவார்கள். திருநெல்வேலிக்கு ஏறக்குறைய 53 கிலோமீட்டர். அங்கிருந்து ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, குரும்பூர் வழியாகத் திருச்செந்தூருக்கு இன்னும் 60. குற்றாலத்து மலையடியில் தொடங்கிக் கடலில் குளித்து முடிகிற நடை இது.

புறப்படும் ஊரின் கதையே ஒரு நடையைப் பற்றியதுதான். வடகாசிக்கு நடந்து போய்ச் சேர முடியாமல் வழியிலேயே உயிர்விட்டவர்களுக்காக, 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் இங்கே விசுவநாதருக்குக் கோயில் எழுப்பினான் என்பது பரம்பரையாகச் சொல்லப்படுவது. நடையை மிச்சப்படுத்தப் பிறந்த ஊரிலிருந்து இத்தனை பேர் நடக்கிறார்கள்!

நடந்தவர்களைக் கேட்டால் முதல் நாள்தான் சிரமம் என்பார்கள். கால் பழகியிருக்காது, கொப்புளம் அன்றைக்கே வந்துவிடும். வெயில் ஏறினால் தார் ரோட்டில் வெறுங்காலை வைக்க முடியாது. அதனால் விடியுமுன்பும் இருட்டிய பிறகும்தான் நடை.

அந்த முதல் நாள் வழியில் உள்ள ஊர்ப் பெயர்களைக் கவனியுங்கள். சுமார் 10 கிலோமீட்டரில் பாவூர்சத்திரம். பழைய ஊர் பாவூர். வழிப்போக்கருக்கான சத்திரம் அதன் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அதைத் தாண்டினால் அடைக்கலப்பட்டணம். பிறகு 25 கிலோமீட்டர் வாக்கில் ஆலங்குளம். சத்திரம், அடைக்கலம், ஆல், குளம். நடப்பவனுக்கு வேண்டியவை எல்லாம் பெயரிலேயே இருக்கின்றன.

அந்தக் காலத்தில் சாலை போடுவது என்றால் நிழலும் தண்ணீரும் தங்க இடமும் சேர்ந்ததுதான். 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாளை இன்றும் நினைப்பது சாலைகளுக்காகவும் சத்திரங்களுக்காகவும்தானே. நான் படித்த பிரெஞ்சிலும் இதே கதை உண்டு. ‘ஓப்பித்தால்’ என்றால் இன்று ஆஸ்பத்திரி. ஆதியில் அது யாத்திரிகரும் ஏழைகளும் தங்கும் வீடு. ஸ்பெயினில் உள்ள சந்தியாகோவுக்கு நடப்பவர்களுக்காக 12-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட வழிகாட்டி நூல், எந்த ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது, எந்தப் படகோட்டி ஏமாற்றுவான் என்றெல்லாம் எச்சரிக்கிறது.

படகுத் தொல்லை நமக்கும் இருந்தது. திருநெல்வேலியிலிருந்து பாளையங்கோட்டை போகத் தாமிரபரணியைப் படகில்தான் கடக்க வேண்டும். அதைத் தீர்த்தவர் கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார். பொதுவசூல் போதாமல் போக, பாலத்துக்குத் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்தார். 1843-இல் பாலம் திறக்கப்பட்டது. அரசாங்கக் குமாஸ்தாவாக இருந்த எனக்கு அவர் மீது தனி மரியாதை.

1904-இல் தென்காசி வழியாகக் கொல்லத்துக்கு ரயில் ஓடியது. 1923-இல் திருச்செந்தூருக்கும் ரயில் வந்தது. பிறகு பஸ். நடக்க வேண்டிய அவசியம் போய்விட்டது, நடை போகவில்லை. வேண்டுதல் வைத்தவனுக்குச் சீக்கிரம் போய்ச் சேருவது கணக்கல்ல.

இப்போது அந்தச் சாலை நான்கு வழியாகிவிட்டது. வண்டிகளுக்கு வசதிதான், குறை சொல்ல வரவில்லை. ஆனால் அதற்காக ஓரத்து மரங்கள் வெட்டப்பட்டன. இருட்டில் நடப்பவனை உரசிக்கொண்டு வண்டிகள் பறக்கின்றன. முதுகில் ஒளிரும் பட்டை ஒட்டிக்கொண்டு நடக்கச் சொல்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் முன்னோர் சாலைக்கு மரமும் சத்திரமும் வைத்தார்கள். நாம் நடப்பவனுக்கு ஒரு ஸ்டிக்கரைக் கொடுத்து, நீயே பார்த்துப் போ என்கிறோம்.

வருகிற தையில் அந்த வழியாகக் காரில் போகும் அன்பர்கள் கொஞ்சம் வேகத்தைக் குறையுங்கள். சாலையோரம் வீடு உள்ளவர்கள் வாசலில் ஒரு பானைத் தண்ணீர் வையுங்கள். வீட்டுக்கு முன்னால் இடமிருந்தால் ஒரு வேப்பங்கன்றும் நடலாம். அடுத்த தலைமுறை நடப்பவர்களுக்கு நிழலாகும்.